வரிக்குதிரைக்கும் வீட்டுப் பசுவுக்கும் ஒரே காரணமா?

அணைக்கட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வரிக்குதிரை, பாண்டா, பெங்குவின், உங்கள் கொட்டகையில் நிற்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்னும் கறவை இனம்) பசு எல்லாமே கருப்பு வெள்ளையாக இருக்கின்றனவே, இதற்குப் பொதுவான காரணம் ஏதாவது உண்டா, இந்த நிறத்தால் பசுவுக்கு நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், உடம்பில் கோடு இருப்பதால் வரிக்குதிரையை ஈ அதிகம் அண்டாது என்று படித்தேன், பசுவின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டால் ஈ போகுமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒரே தோலில் கருப்பும் வெள்ளையும் எப்படி உண்டாகின்றன என்பது ஒன்று. உண்டான நிறம் அந்த விலங்குக்கு எதற்குப் பயன்படுகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விலங்குக்கு விலங்கு பதில் மாறும்; சிலவற்றில் இன்னும் வழக்கு முடியவில்லை. உங்கள் பசுவைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த நிறம் அதற்கு எந்தப் பயனுக்காகவும் வந்ததல்ல. மனிதர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள், அதனால் நிலைத்தது.

நான் ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடு, ஆடு, நாய் ஆகியவற்றின் தோலைக் கையால் தொட்டுப் பார்த்தவன் என்பதால் அவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கையால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன். கன்று வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் பசுவின் இடப்பக்க வயிற்றில் முடியை மழித்து அறுவை செய்வோம். எச்.எஃப். பசுவுக்கு அப்படி மழிக்கும்போது, கருப்பு முடி இருந்த இடத்தில் தோலும் கருப்பாக இருக்கும், வெள்ளை முடி இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். முடியே இல்லாவிட்டாலும் திட்டுகளின் வரைபடம் அப்படியே தோலில் தெரியும். சில மாடுகளில் எல்லையோரத்தில் மட்டும், விரல் அகலத்துக்கும் குறைவாக, வெள்ளை முடிக்கு அடியில் தோல் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். மடியைப் பாருங்கள்: நான்கு காம்பில் இரண்டு கருப்பாகவும் இரண்டு சிவந்தும் இருக்கலாம், ஒரே காம்பில் பாதிப் பாதியாகவும் இருக்கலாம். மூக்குத் தோலிலும் அப்படித்தான். வரிக்குதிரை இதற்கு நேர்மாறு. அதை மழித்தால் கருப்புக் கோட்டுக்கு அடியிலும் வெள்ளைக் கோட்டுக்கு அடியிலும் தோல் ஒரே மாதிரிக் கருமையாக இருக்கும். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. பசுவின் வெள்ளை இடத்தில் நிறம் தயாரிக்கும் செல்களே இல்லை. வரிக்குதிரையின் வெள்ளைக் கோட்டில் அந்தச் செல்கள் இருக்கின்றன, முடிக்கு நிறம் கொடுக்காமல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் கருப்பு வெள்ளை, உள்ளே இரண்டு வேறு வழிகளில் உண்டாகிறது.

நிறம் தயாரிக்கும் செல்கள் தோலில் பிறப்பதில்லை. கரு வளரும்போது முதுகுத்தண்டு உருவாகும் இடத்தையொட்டி அவை தோன்றி, அங்கிருந்து இரண்டு பக்கமும் பெருகிக்கொண்டே இறங்கி, விலா, வயிறு, கால், தலை என்று பரவுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து முடிக்கும் தோலுக்கும் கொடுக்கின்றன. ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடை வயல்கள் காய்வதுபோல, இந்தச் செல்கள் போதாமல் போனால் முதுகிலிருந்து தூரத்தில் இருக்கும் இடங்கள்தான் முதலில் வெள்ளையாக நின்றுவிடும். நெற்றிச் சுட்டி, வால் குஞ்சம், குளம்புக்கு மேலே நான்கு கால், அடிவயிறு. சுட்டியும் கால் வெள்ளையும் மாட்டில், குதிரையில், நாயில், பூனையில் எல்லாவற்றிலும் ஒரே இடங்களில் வருவது இதனால்தான். முன்பு, செல்கள் மெதுவாக நகர்வதால் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்று நினைத்தார்கள். 2016இல் திட்டுள்ள எலிகளின் கருவை வைத்துச் செய்த ஆய்வு, நகரும் வேகத்தில் குறையில்லை, அவை பெருகுவதுதான் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. திட்டு எந்த இடத்தில் நிற்கும் என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் ஒரே காளையின் விந்தில் பிறந்த கன்றுகளில்கூட இரண்டு கன்றின் திட்டுகள் ஒத்துப்போவதில்லை.

இந்தச் செல்களுக்கு நிறம் கொடுப்பது மட்டும் வேலையல்ல. உட்காதில், ஒலியை உணரும் சுருளுக்கு மின்னூட்டம் குறையாமல் காப்பதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அங்கேயும் அவை போய்ச் சேராவிட்டால் பிறவியிலேயே காது கேட்காது. முழு வெள்ளையான ராஜபாளையம் நாய்க் குட்டிகளில் செவிடு அதிகம் காணப்படுவதற்கும், நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பதற்கும் இதுவே காரணம். ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள் அது முகத்தைப் பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

வெள்ளைத் திட்டால் மாட்டுக்கு நன்மை உண்டா என்றீர்கள். நம் பக்கத்தில் நான் கண்டது பெரும்பாலும் தீமைதான். மழை பொய்த்த வருஷங்களில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் பசும்புல் தீர்ந்துவிடும். பச்சையாக மிஞ்சி நிற்பது உண்ணிச்செடி மட்டும். பசி தாங்காமல் மாடு அதை மேய்ந்துவிட்டால் அதன் நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. மாடு தின்னும் பச்சையம் வயிற்றில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளை, நல்ல ஈரல் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். ஈரல் கெட்டால் அந்தப் பொருள் இரத்தத்திலேயே தங்கிவிடும். தோலுக்கு அடியில் ஓடும் அந்த இரத்தத்தின் மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். இதில் மருந்தகத்துக்கு வரும் எச்.எஃப். கலப்பினப் பசுவைப் பார்த்தால் மனம் பதறும். வெள்ளைத் திட்டு இருந்த தோல் முழுவதும் காய்ந்த தோல்செருப்பு போல விறைத்து, ஓரம் தூக்கி, தகடு தகடாக உரிந்து தொங்கும். அடியில் சிவந்த சதை தெரியும். ஆனால் அந்த உரிதல் கருப்புத் திட்டின் எல்லைக்கு வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். கருப்புப் பகுதியில் ஒரு முடிகூட உதிர்ந்திருக்காது. நஞ்சு உடம்பெல்லாம் ஓடுகிறது, வெயிலும் எல்லா இடத்திலும் படுகிறது, மெலனின் இருந்த இடம் மட்டும் தப்புகிறது. ஒடுகத்தூரில் ஓர் அம்மா தன் பசுவைக் காட்டி, "யாரோ பார்த்துப் பார்த்து வெள்ளை மேல் மட்டும் வெந்நீர் ஊற்றிவிட்டார்கள் ஐயா" என்று அழுதார். அடுத்த வீட்டுக்காரர் மேல் சந்தேகம். கண் மஞ்சளித்திருந்ததைக் காட்டி, இது காமாலை, செடியால் வந்தது என்று புரியவைத்த பிறகுதான் அவர் சமாதானமானார். உங்கள் பசுவுக்கு அப்படி நேர்ந்தால் முதல் வேலை அதை முழு நிழலில் கட்டுவது, அடுத்த வேலை அன்றைக்கே மருத்துவரை அழைப்பது. வெள்ளை இமையுள்ள மாடுகளுக்குக் கண்ணோரத்தில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு சின்ன நன்மையும் உண்டு. நேர் வெயிலில் நிற்கும் மாட்டில் வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும், கருப்பு முடி உள்ளே வாங்கும். வேலூரின் மே மாத வெயிலில் வெள்ளை அதிகமுள்ள பசு கொஞ்சம் குறைவாக மூச்சிரைக்கும். நிழலில் கட்டிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். எச்.எஃப். பசு நம் ஊர் வெயிலில் தவிப்பதற்கு நிறத்தைவிட, அது குளிர்நாட்டு இனம் என்பதுதான் பெரிய காரணம்.

அப்படியானால் எச்.எஃப். இனத்துக்கு ஏன் இந்த நிறம்? அதன் பூர்வீகம் நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதி. அங்கே ஒரு காலத்தில் சிவப்புத் திட்டு மாடுகளும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து மாடு வாங்க வந்தவர்கள் கருப்பு வெள்ளையையே விரும்பிக் கேட்டார்கள். அமெரிக்காவில் இனப் பதிவேடு தொடங்கிய பிறகு சிவப்பு வெள்ளைக் கன்றுகளை நெடுங்காலம் பதிவில் சேர்க்கவேயில்லை. கருப்பு வெள்ளை, அந்த இனத்தின் முத்திரை ஆகிவிட்டது. பாலுக்கும் திட்டுக்கும் தொடர்பு கிடையாது. பொய்கைச் சந்தையில் திட்டைப் பார்த்துப் பாலை எடைபோடும் தரகர்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட அந்தச் சிவப்பு இன்றும் இனத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தாயும் காளையும் பார்வைக்குக் கருப்பு வெள்ளை என்றாலும், இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் சிவப்பு வெள்ளைக் கன்று பிறக்கும். சினை ஊசி மாறிவிட்டது என்று ஊசி போட்டவரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. அதேபோல நம் நாட்டுப் பசுவுக்கு எச்.எஃப். ஊசி போட்டால் முதல் தலைமுறைக் கன்று பெரும்பாலும் முழுக் கருப்பாக, அடிவயிற்றில் மட்டும் கொஞ்சம் வெள்ளையோடு பிறக்கும். பெரிய வெள்ளைத் திட்டு வருவதற்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கத்து மரபணுவும் சேர வேண்டும்.

மனிதன் வளர்க்கும் விலங்குகளில் மட்டும் ஏன் இவ்வளவு திட்டுகள் என்ற கேள்வியும் இதோடு வரும். காட்டில் வெள்ளைத் திட்டோடு பிறந்த குட்டி எளிதில் கண்ணில் பட்டு இரையாகிவிடும், வீட்டில் பிறந்தது அழகென்று வளர்க்கப்படும். இந்த அளவு விளக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு மேல், சாதுவான குணத்தைத் தேர்ந்தெடுத்தாலே திட்டும் கூடவே வந்துவிடும் என்று ஒரு கருத்து இருக்கிறது. ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே 1959இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி வளர்ப்பில், மனிதனுக்கு அஞ்சாத நரிகளை மட்டும் இனவிருத்தி செய்தார்கள். சில தலைமுறைகளிலேயே நெற்றிச் சுட்டியோடு குட்டிகள் பிறந்தன. அச்சத்தைத் தூண்டும் சுரப்பியின் செல்களும் நிறம் தரும் செல்களும் கருவில் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன, ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைகிறது என்று 2014இல் விளக்கம் சொன்னார்கள். ஆனால் அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலிருந்து வந்தவை, வெள்ளைப் புள்ளி அங்கேயே இருந்தது என்று 2019இல் எதிர்வாதம் எழுந்தது. இதை முடிந்த விஷயமாக நான் சொல்ல மாட்டேன்.

இங்கே ஓர் எளிய உரைகல் சொல்கிறேன். ஒரு விலங்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா, அந்த இனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் அந்த நிறத்துக்கு ஏதோ பயன் இருந்து, இயற்கை அதைக் காத்து வந்திருக்கிறது என்று தேடலாம். இடம் வலம் ஒவ்வாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசாக இருந்தால் பெரும்பாலும் நிறச் செல்கள் போதாமல் நின்ற திட்டுதான். தென்மாவட்டத்து ஆடுகளில் இரண்டையும் பார்க்கலாம். பால்கன்னி ஆட்டுக்கு முகத்தின் இருபுறமும் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை அளந்து போட்டதுபோல வெள்ளைக் கோடு, அடிவயிறும் காலின் உட்புறமும் வெள்ளை. கொடி ஆட்டில் கரும்போரை என்னும் வகைக்கு வெள்ளை உடம்பில் கருப்பு வாரித் தெளித்த மாதிரி இருக்கும். ஓர் ஆட்டைப் போல இன்னோர் ஆடு இருக்காது. எங்கேயாவது ஒரு காக்கைக்கு ஒரு சிறகில் மட்டும் வெள்ளை இறகு முளைத்திருப்பதும் இரண்டாம் வகைதான். இந்த உரைகல்லுக்கு விதிவிலக்கும் உண்டு: ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் காட்டிலேயே வாழ்ந்தும் ஒவ்வொன்றும் தனித் திட்டு கொண்டவை. அதனால் இதை விதி என்று கொள்ளாமல், தேடலுக்குத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டு விலங்குகளில் கருப்பு வெள்ளைக்கு மிக உறுதியாகச் சொல்லக்கூடிய பயன் எச்சரிக்கைதான். நம் மலைகளில் இருக்கும் முள்ளம்பன்றியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீண்ட முட்களில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையமிட்டிருக்கும். எதிரி நெருங்கினால் முட்களைச் சிலிர்த்து, வாலை ஆட்டிச் சலசலக்கும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நம்மைப்போல முழு நிறப் பார்வை கிடையாது. இரவிலோ ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் தெரியும். குளவி மஞ்சள் கருப்பில் பகலில் சொல்லும் செய்தியை, இரவில் நடமாடும் பாலூட்டி கருப்பு வெள்ளையில்தான் சொல்ல முடியும். தேன்வளைக்கரடி என்னும் தேன் தின்னும் சிறு விலங்குக்கு முதுகு வெளுத்தும் வயிறும் காலும் கறுத்தும் இருக்கும். அமெரிக்காவில் நாற்றநீரைப் பீச்சும் ஸ்கங்க் என்ற விலங்குக்குக் கருப்பு உடம்பில் முதுகோடு வெள்ளைப் பட்டை. ஒளிந்து வாழும் விலங்குகளுக்கு முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பதுதான் வழக்கம். இவை தலைகீழாக இருக்கின்றன. ஒளிய விரும்பாத விலங்கு என்பதற்கு அதுவே அடையாளம். 2011இல் ஊனுண்ணிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, இப்படிப் பளிச்சென்ற கருப்பு வெள்ளை கொண்டவை குறிபார்த்து நாற்றநீர் பீச்சும் இனங்களாக இருப்பதைக் காட்டியது.

கட்டுவிரியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் கருப்பு வெள்ளை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பளபளப்பான கருமையில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள், கழுத்துப் பக்கம் மங்கி வால்பக்கம் தெளிவாக இருக்கும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் இதே சாயல். அதற்குக் கட்டுகள் கழுத்துப் பக்கம் தெளிந்து வால்பக்கம் மங்கும். நஞ்சுள்ளதைப் போலத் தோற்றம் காட்டி நஞ்சில்லாதது பிழைக்கிறது என்ற விளக்கம் நியாயமாகத் தோன்றுகிறது. கட்டுவிரியனின் கட்டுகள் எதிரியை எச்சரிக்கத்தானா, அல்லது ஊர்ந்து ஓடும்போது கண்ணை ஏமாற்றவா என்பது தீர்மானமாகவில்லை. எந்தக் கட்டு எந்தப் பக்கம் என்று குனிந்து எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, வீங்காது. பாம்பு கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எச்சரிக்கைக்கு எதிர்த்திசையில் மறைவு. பெங்குவின் நீரில் நீந்தும்போது படுத்த நிலையில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கருப்பு முதுகு இருண்ட கடலோடும், கீழிருந்து பார்த்தால் வெள்ளை வயிறு வானத்தின் வெளிச்சத்தோடும் கலக்கும் என்பது விளக்கம். கெண்டை முதல் கானாங்கெளுத்தி வரை மீன்களில் இதே ஏற்பாடு இருப்பதால் நம்பத் தகுந்தது. பாண்டா விஷயம் இன்னும் சுவையானது. மூங்கிலில் சத்து குறைவு என்பதால் அது கொழுப்பு சேர்த்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்க முடியாது. வருஷம் முழுக்கப் பனியிலும் நிழலிலும் மாறி மாறி இரை தேட வேண்டும். வெள்ளை உடம்பு பனிக்கு, கருப்புக் கை கால் காட்டு நிழலுக்கு என்ற சமரசம் அது என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. முகத்தின் கருப்பு, ஒன்றையொன்று அடையாளம் கொள்ள என்பதும் அதில் உண்டு. 2021இல் காட்டில் எடுத்த படங்களை அளந்து பார்த்து, நமக்குப் பளிச்சென்று தெரியும் பாண்டா அதன் இருப்பிடத்தில் நன்றாகவே கலந்துபோகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். நாம் பாண்டாவை உயிர்க்காட்சிச்சாலையின் பச்சைப் புல்லில் வைத்துப் பார்ப்பதால்தான் அது புதிராகத் தெரிகிறது. மலேயாவின் தபீர் என்ற கருப்பு வெள்ளை விலங்கு இரவு நிலவொளியில் மறைகிறது என்பார்கள். அதற்கு இந்த அளவு சான்று கிடையாது.

பறவைகளில் வேறு கணக்கு. நம் தோட்டத்தில் விடிவதற்குள் பாடத் தொடங்கும் குண்டுக்கரிச்சானில் ஆண்தான் பளபளக்கும் கருப்பு, பெண் சாம்பல். துணைக்காகவும் எல்லைக்காகவும் காட்டும் நிறம் அது. வெளிமானிலும் வளர்ந்த ஆண்தான் முதுகு கறுக்கும். நத்தைகுத்தி நாரைக்கு வெள்ளை உடம்பில் பறக்கும் இறகுகள் மட்டும் கருப்பாக இருப்பதற்கு அழகு காரணமல்ல. மெலனின் இறகை உறுதியாக்குகிறது. காற்றிலும் மணலிலும் தேயும் சிறகு நுனிக்கு அது தேவைப்படுகிறது.

இனி வரிக்குதிரை. அதன் கோடுகளைப் பற்றி டார்வின், வாலஸ் என்ற இரண்டு இயற்கை ஆய்வாளர்களின் காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு. திறந்த வெளியில் வாழும் விலங்குக்குக் கோடு பாதுகாப்புத் தரும் என்று சொல்ல முடியாது என்று டார்வின் 1871இல் எழுதினார். அந்தி மங்கலில் கோடு மறைக்கும் என்பது வாலஸின் பக்கம். 2016இல் சிங்கத்தின் கண்பார்வையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பகலில் ஏறக்குறைய 50 மீட்டருக்கு அப்பால், அந்தியில் 30 மீட்டருக்கு அப்பால் சிங்கத்துக்குக் கோடே பிரித்துத் தெரியாது என்று வந்தது. அந்தத் தூரத்துக்குள் சிங்கம் வந்துவிட்டால் வாசனையும் சத்தமும் போதும். ஒளிந்துகொள்ள என்ற விளக்கம் இதில் பெரிதும் அடிபட்டது. கருப்பும் வெள்ளையும் வெவ்வேறாகச் சூடேறிக் காற்றைச் சுழற்றிக் குளிர்விக்கும் என்றும் சொன்னார்கள். கோடு போட்ட தோல் போர்த்திய நீர்ப்பீப்பாய்களை வெயிலில் வைத்து 2018இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் அளந்தார்கள், குளிர்ச்சி ஒன்றும் காணவில்லை. இன்னும் சிலர் அந்தக் கருத்தை விடவில்லை.

இன்று சான்று மிகுதியாக நிற்பது ஈ விளக்கம்தான். விலங்கு ஆய்வாளர் டிம் கேரோவின் குழு 2014இல் குதிரை இனங்கள் வாழும் இடங்களையும், கடிக்கும் ஈக்கள் பெருகும் இடங்களையும் ஒப்பிட்டது. கோடு அதிகமுள்ள இனங்கள் குதிரை ஈ நெடுங்காலம் தொல்லை தரும் பகுதிகளில்தான் இருந்தன. வரிக்குதிரையின் முடி குட்டையானது என்பதால் ஈக்குக் கடிக்கவும் எளிது. 2019இல் அதே குழு இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் அருகருகே வைத்துப் படமெடுத்தது. ஈக்கள் இரண்டையும் ஒரே அளவில் நெருங்கின. ஆனால் வரிக்குதிரை மேல் உட்கார்ந்தவை குதிரை மேல் உட்கார்ந்தவற்றில் கால்பங்குதான். இறங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைக்கத் தவறி, மோதியோ விலகியோ போயின. பிறகு குதிரைகளுக்கே கருப்பு, வெள்ளை, கோடு போட்ட போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்தார்கள். கோட்டுப் போர்வை மேல் ஈ குறைந்தது. மூடாத தலையில் எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு ஈ. இந்தக் கடைசிச் செய்திதான் என்னை நம்பவைத்தது, ஏனென்றால் குதிரை அதே குதிரை, வாசனை அதே வாசனை. ஈயின் கண்ணில் கோடு சரியாக என்ன செய்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. கோடுகள் நகரும் திசையை ஏமாற்றுகின்றன என்ற கருத்தைச் சோதிக்கக் கட்டம் போட்ட போர்வையைப் போர்த்தியபோது அதுவும் கோட்டைப் போலவே வேலை செய்துவிட்டது.

இப்போது உங்கள் சுண்ணாம்பு. 2019இல் ஜப்பானில் ஆறு கருப்புப் பசுக்களுக்கு வெள்ளைக் கோடு வரைந்து சோதித்தார்கள். கோடு போட்ட பசுவை ஈ கடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கருப்புச் சாயத்தால் கோடு போட்ட பசுவுக்குக் குறையவில்லை, ஆக சாயத்தின் வாசனையால் வந்த பலன் இல்லை அது. பசுவின் சொந்தத் திட்டு உதவுமா என்றால், திட்டுகள் சின்னதாகவும் நிறையவும் இருந்தால்தான் குதிரை ஈ குறைகிறது என்று 2012இல் ஒரு சோதனை காட்டியது. எச்.எஃப். பசுவின் அகலமான திட்டிலிருந்து பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. கோடு வரைவது நடக்காத காரியமல்ல, ஆனால் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும், பசு நக்கினால் நாக்கும் வாயும் வெந்துவிடும். நக்கினாலும் தீங்கில்லாத, தண்ணீரில் கலக்கும் சாயமாகப் பார்க்க வேண்டும். அதுவும் சில நாளில் உதிர்ந்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒன்றிரண்டு பசு வைத்திருப்பவர் கருப்பு மாட்டில் கோடு போட்டுப் பார்க்கலாம், தவறில்லை.

அதற்கு முன்னால் சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் கொட்டகையை விட்டுத் தள்ளிக் குவியுங்கள். கொட்டகையில் மொய்க்கும் கடி ஈ முட்டையிடுவது அங்கேதான். குதிரை ஈ ஈரமான ஏரிக்கரைச் சேற்றில் பெருகுவது, அதை உங்களால் ஒழிக்க முடியாது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு விடுவதைக் குறைக்கலாம். இந்த ஈதான் சர்ரா நோயைக் கொண்டுவருகிறது. கிரிஃபித் எவான்ஸ் 1880இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டுபிடித்த ஒட்டுண்ணி நோய் அது. மாட்டில் பல சமயம் வெளியே தெரியாமல் இருக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வந்து, பசு இளைத்து, பால் குறைந்து, கண்ணின் உள்ளிமை வெளுத்திருந்தால், காய்ச்சல் அடிக்கும் நேரத்திலேயே காது நுனியிலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்க்கச் சொல்லி மருந்தகத்தில் கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு எடுத்தால் ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம்.